திருமானூரில் கென்ஜி சாப்பிட்ட சோறு

ரிசீவரைக் காதில் வைத்ததும் மணலில் கடலை வறுக்கிற மாதிரி ஓர் இரைச்சல். அதற்குள்ளிருந்து ஒரு பெண் அழுதார்.

"ஹலோ, அரியலூருங்க" என்றேன். அவர் அழுகையை நிறுத்தினார். மரியாதையாகக் கொஞ்சம் காத்திருந்துவிட்டுப் பேசினார். ஒரு வார்த்தைகூட எனக்கு விளங்கவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் 'ஊம்' கொட்டினேன். எனக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தாரோ என்னவோ, நான் ஊம் கொட்டக் கொட்ட இன்னும் வேகமாகப் பேசினார்.

அந்தப் பேச்சில் இரண்டு சொற்கள் திரும்பத் திரும்ப வந்தன. ஒன்று 'கென்ஜி'. அது யாரென்று தெரியும். முந்தின நாள் சாயங்காலம் எங்கள் பூத்திலிருந்து ஜப்பானுக்குப் பேசிய சைக்கிள்காரர். இன்னொன்று 'ஒத்தோசான்'. அது ஊரா, பேரா, நோயா, தெரியாது. குரலை வைத்துக் கென்ஜியின் அம்மாவாக இருக்கும் என்று நினைத்தேன். காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து, காதில் விழுந்தபடியே தமிழில் எழுதிக்கொண்டேன்: 'ஒத்தோசான். அம்மா அழுகிறார். மணி ஒன்பதரை.'

லைன் அறுந்துவிட்டது. கென்ஜி ஒரு மணி நேரத்துக்கு முன்னாலேயே தஞ்சாவூர் ரோட்டில் சைக்கிளை மிதித்துக்கொண்டு போயிருந்தார்.

எட்டாவதோடு நின்றவள்

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் எஸ்.டி.டி. பூத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த கதையைப் போன வாரம் எழுதியிருந்தேன். எட்டாவதோடு ஏன் நின்றாய் என்று வாசகர் ஒருவர் கேட்டு எழுதியிருக்கிறார். வீட்டில் யாரும் நிறுத்தவில்லை. முழுப் பரீட்சைக்கு முந்தின நாள், ஃபெயிலாகிவிடுவேனோ என்று நினைத்து நினைத்தே எனக்குக் காய்ச்சல் வந்தது. பரீட்சை முடிந்ததும் காய்ச்சல் போய்விட்டது. மறுபடி அந்த வாசலை மிதிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவ்வளவுதான் காரணம்.

இதெல்லாம் எந்த வருஷம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அரியலூரைத் தனி மாவட்டம் ஆக்கினார்கள், பிறகு பெரம்பலூரோடு சேர்த்தார்கள், மறுபடியும் பிரித்தார்கள். அந்தக் குழப்பம் ஆரம்பிப்பதற்குக் கொஞ்சம் முன்போ பின்போ. சிமெண்டு லாரிகள் போய்ப் போய் பூத்தின் கண்ணாடி எப்போதும் வெளுத்துக் கிடக்கும். தினம் மூன்று தடவை துடைப்பேன்.

பாலத்தடியில் தூங்குகிற பணக்காரர்

முந்தின நாள் சாயங்காலம் கென்ஜி பெரம்பலூர் ரோட்டிலிருந்து வந்து இறங்கினார். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று சைக்கிளில் நாலு பைகள். அதற்கு மேல் சுருட்டிக் கட்டிய கூடாரம். அதற்கும் மேலே, காயட்டும் என்று விரித்துப் போட்ட ஒரு பனியன். இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். மூக்கு நுனி தோல் உரிந்து சிவந்திருந்தது.

நம்பரை எழுதிக் காட்டினார். போட்டுக் கொடுத்தேன். மீட்டரில் ஓடுகிற சிவப்பு எண்களையே பார்த்துக்கொண்டு அரை நிமிடம் பேசினார். கதவு மேல் எழுதியிருந்த எங்கள் நம்பரைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கத்திலிருந்தே போன் வந்தது. வளைகுடாவில் வேலை பார்க்கிறவர்களின் வீட்டுப் பெண்கள் செய்கிற அதே உபாயம். ஜப்பான்காரருக்கும் அது தெரிந்திருந்தது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

பேசி முடித்துவிட்டு, சின்னப் படப் புத்தகம் ஒன்றை எடுத்துக் காட்டினார். இந்தியா வருவதற்கு முன்னால் அவருடைய நாட்டையே மேலிருந்து கீழ்வரை சைக்கிளில் சுற்றியிருக்கிறார். ஒரு படத்தில் சைக்கிள் பாதிச் சக்கரம் வரை பனியில் புதைந்து நிற்கிறது. இன்னொன்றில் அவர் ஒரு பாலத்தடியில் படுத்திருக்கிறார். ஒன்றில் ரயிலடிப் பெஞ்சில். ஒன்றில் ரோட்டோரமாகக் குந்தி, டம்ளர் அளவு அடுப்பில் சோறு பொங்குகிறார். லாட்ஜ் படம் ஒன்றுகூட இல்லை.

பக்கத்து ஜெராக்ஸ் கடையிலிருந்து பூத் முதலாளி ராமலிங்கண்ணன் எட்டிப் பார்த்தார்.

"டிவி, வாட்சு எல்லாம் செஞ்சு ஊரு ஒலகத்துக்கே விக்கிறானுவ. ஏஞ் செல்வி, இவரு எதுக்குப் பாலத்துக்கடியில படுத்திருக்காரு?"

"தெரியலண்ணே."

"வூட்டுல கோவிச்சுக்கிட்டு வந்துட்டாரோ?"

அப்படியும் தெரியவில்லை. கடைசிப் படத்தில் ஒரு கடை வாசலில் வழுக்கைத் தலையர் ஒருவர் குனிந்து அந்தச் சைக்கிளுக்குக் காற்றடிக்கிறார். "ஃபாதர்" என்றார் கென்ஜி. கோபித்துக்கொண்டு போகிற மகனுக்கு யாரும் காற்றடித்துக் கொடுப்பார்களா? எனக்குக் குழப்பம்தான் கூடியது.

மறுநாள் காலை எட்டரைக்குப் பூத் வாசலில் நின்று, இரண்டு கையையும் தொடையில் வைத்துக் குனிந்து ஒரு கும்பிடு போட்டார். சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். அதற்கு ஒரு மணி நேரம் கழித்துத்தான் அந்தப் போன்.

"சாப்ட்டியான்னு மட்டும் கேக்காத"

இந்த இடத்தில் ஒரு பழைய கதையைச் சொல்லாவிட்டால் நான் செய்தது யாருக்கும் விளங்காது.

ஆண்டிமடத்தில் என் தாய்மாமா இறந்தபோது, செய்தி சொல்ல ஓர் உறவுக்காரர் மொபெட்டில் எங்கள் வீட்டுக்கு வந்தார். வந்தவர் செய்தியைச் சொல்லவில்லை. முந்திரி இந்த வருஷம் பூ கருகிவிட்டது என்றார். மழையைப் பற்றிப் பேசினார். அம்மா அவருக்கு இலை போட்டாள். "ஒனக்கும் போட்டுக்க ஆத்தா, சேந்தே சாப்புடுவோம்" என்றார். அம்மா சாப்பிட்டாள். இருவரும் கை கழுவிய பிறகு, ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே, "அண்ணன் போயிட்டாரு" என்றார்.

செய்தி காதில் விழுந்துவிட்டால், பிணத்தை எடுத்து முடிக்கிறவரை பச்சைத் தண்ணீர்கூட இறங்காது. இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும், போய் அழ வேண்டும், விழுந்து புரள வேண்டும். அதற்குத் தெம்பு? "அந்த நாலு வாய்ச் சோறு இல்லன்னா நானும் அங்கேயே போயிருப்பேன்" என்று அம்மா ரொம்ப நாள் அவரைப் பற்றி நன்றியோடு சொல்லிக்கொண்டிருந்தாள்.

பூத்தில் எனக்கு இதே வேலைதான். வெளியூரிலிருந்து போன் செய்து, "அவருகிட்ட நீ ஒண்ணும் சொல்லிப்புடாதம்மா. சாப்புட வச்சிட்டு எங்களுக்குப் போன் போடச் சொல்லு" என்பார்கள். நானும் போய்க் கடைவாசலில் நின்று, "ஊர்லேருந்து போன் வந்துச்சுங்க. சாப்ட்டீங்களா?" என்று கேட்பேன். நாளாவட்டத்தில் நான் சும்மா பேச்சுக்குச் சாப்பிட்டீர்களா என்று கேட்டாலே பஸ் ஸ்டாண்டில் ஆட்கள் வெலவெலத்துப் போனார்கள்.

"ஏண்டி செல்வி, ஒனக்குப் புண்ணியமாப் போவட்டும். என்னைய சாப்ட்டியான்னு மட்டும் கேக்காத" என்று கையெடுத்துக் கும்பிட்டாள் ஒரு பூக்காரக்கா.

எதிரே வந்த பஸ்

காலண்டர் சீட்டைக் காட்டியதும் ராமலிங்கண்ணன் சொன்னார்: "யாரோ போயிட்டாங்க. இல்லன்னா இவ்வளவு காசு செலவழிச்சு எதுக்கு அழுவப் போறாங்க?"

"நான் போயிச் சொல்லிட்டு வந்துடட்டுங்களாண்ணே?"

"எந்தப் பாஷையில சொல்லுவ?"

"போன் பண்ணச் சொல்லிட்டு வந்துடுவேன்."

அவர் யோசித்தார். பிறகு பூத்துச் சாவியை வாங்கிக்கொண்டு, "போறதுதான் போற. வெறும் வயித்துல சொல்லிப்புடாத. மிதிச்சுக் களைச்சுப் போயிருப்பாரு" என்றார்.

தஞ்சாவூர் பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைக்கவில்லை. நின்றுகொண்டே குனிந்து குனிந்து இரண்டு பக்கமும் பார்த்தேன். அவர் டீக்கடையில் ஒதுங்கி, பஸ் தாண்டிவிட்டால்? குறுக்கு ரோட்டில் திரும்பியிருந்தால்? கொள்ளிடம் தாண்டிவிட்டால் அப்புறம் எங்கே போய்த் தேடுவது? ஒரு அம்மா, அப்படி ஓர் ஆள் ஜெயங்கொண்டம் பக்கம் போனதாகச் சத்தியம் செய்தார். ஒரு பெரியவர், அது நேற்று என்றார். கண்டக்டர் டிக்கெட் கிழித்துக்கொண்டே, "அந்தாளு ஒனக்கு என்னம்மா வேணும்?" என்றார். என்ன சொல்வது? "போன் வந்துருக்குங்க" என்றேன். பஸ்ஸே சிரித்தது.

ஆனால் கீழப்பழுவூர் தாண்டி, எதிரே வந்த பஸ்ஸை எங்கள் டிரைவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஏப்பா, சைக்கிள்ல ஒரு ஃபாரின்காரரு போனாராப்பா?"

"நாலு பை கட்டுன சைக்கிளா? திருமானூர்ல பஞ்சர் ஒட்டிக்கிட்டு ஒக்காந்திருக்காரு. சுத்தித் திருவிழாக் கூட்டம்."

உலை கொதிக்கிறது

திருமானூரில் இறங்கும்போது பதினொன்றரை. அந்த நேரம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பஞ்சர் கடை ரேடியோவுக்கு மேலே ஒரு கடிகாரம் மாட்டியிருந்தது.

கென்ஜி தரையில் உட்கார்ந்து, டியூபைத் தானே ஒட்டிக்கொண்டிருந்தார். கடைக்காரர் எல்லாரிடமும் முறையிட்டுக்கொண்டிருந்தார்: "என் கட வாசல்லயே ஒக்காந்து தானே ஒட்டிக்கிறாரு. அதுவும் என் பக்கெட்டுத் தண்ணியில. இவரையும் நல்லா வேடிக்க பாருங்க!"

கென்ஜி என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். "டெலிஃபோன் சிஸ்டர்!" என்று முகமெல்லாம் சிரித்தார்.

நான் "போன்" என்றேன். "மதர்" என்றேன். அவர் உடனே தலையாட்டிவிட்டு, இரண்டு கடை தள்ளி மஞ்சள் போர்டு தொங்கிய பூத்தை நோக்கி நடந்தார். நான் குறுக்கே போய் நின்றேன். வாயருகே கையைக் கொண்டுபோய், "ஈட். ஃபர்ஸ்ட் ஈட்" என்றேன்.

அவர் பூத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே, சரி என்று என் பின்னால் வந்தார்.

மெஸ்ஸில் உலை அப்போதுதான் கொதித்துக்கொண்டிருந்தது. "ஜப்பானோ ஜாவாவோ, பன்னெண்டுக்கு மேலதான் எல" என்றார் மெஸ் அம்மா. நான் அவரை ஓரமாக அழைத்துப் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் மாறியது. "அடப் பாவமே, ஒக்கார வையி, ஒக்கார வையி. இருக்கறத வச்சுச் சீக்கிரமா எறக்குறேன்" என்று அடுப்பில் இன்னும் இரண்டு விறகைத் தள்ளினார்.

உட்கார்ந்திருந்தோம். கென்ஜி வரைபடத்தை விரித்து, பென்சில் கோட்டில் திருமானூரில் ஒரு புள்ளி வைத்தார். இடையில் ஒரு தடவை, "மதர்? போன்?" என்று கேட்டார். நான் 'அப்புறம்' என்று கையைக் காட்டினேன். சீட்டு என் உள்ளங்கையில் வேர்த்து நனைந்துகொண்டிருந்தது.

பன்னிரண்டேகாலுக்குச் சோறு வந்தது. முள்ளங்கிச் சாம்பார், கத்திரிக்காய்ப் பொரியல், ரசம், அப்பளம். வழியெல்லாம் பன்னும் வாழைப்பழமுமாகவே சாப்பிட்டு வந்திருப்பார் போல. கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார். ரசத்தை இலையில் தேக்கத் தெரியாமல் அது மேசையில் ஓட, கையால் அணை கட்டினார். மெஸ் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே, "போடட்டுமா தம்பி, இன்னும் கொஞ்சம் போடட்டுமா?" என்றார். கென்ஜி இன்னொரு தடவை ரசம் கேட்டார். எனக்கு ஒரு பருக்கை இறங்கவில்லை.

கை கழுவிவிட்டு வந்தார். அதற்குமேல் தள்ளிப்போட முடியவில்லை. சீட்டைப் பிரித்து வாசித்தேன். "ஒத்தோசான்."

ஈரக் கை அப்படியே நின்றது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

பூத்துக்குள் அவர் பேசியது எனக்குக் கேட்கவில்லை. போனுக்கு முன்னால் குனிந்து குனிந்து நிமிர்ந்தார். இந்தத் தடவை மீட்டரைப் பார்க்கவே இல்லை. ரிசீவரை வைத்த பிறகும் கொஞ்ச நேரம் அதன் மேல் கையை வைத்துக்கொண்டே நின்றார்.

வெளியே வந்தவர் அழவில்லை. எனக்கு அது பயமாக இருந்தது. "திருச்சி, பஸ், ஏரோப்ளேன்" என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். சைக்கிளைப் பஸ் மேலே ஏற்றலாம் என்று கையைக் காட்டினேன். அவர் தலையை இடமும் வலமும் ஆட்டினார். என் பர்ஸில் கிடந்த எங்கள் பூத்து ரசீது ஒன்றைக் கேட்டு வாங்கி மடித்துப் பையில் வைத்தார். குனிந்து கும்பிட்டார். சைக்கிளில் ஏறி, கொள்ளிடம் பாலத்தை நோக்கி மிதித்துப் போனார்.

துக்கச் செய்தி கேட்டவர் ஊர் சுற்றப் போகிறாரே என்று பஞ்சர் கடைக்காரர் கேட்டார். எனக்கு ஒரு நிம்மதி மட்டும் இருந்தது. வயிறு நிறையச் சாப்பிட வைத்துவிட்டுத்தான் சொன்னேன். அந்த நிம்மதியோடு அரியலூர் பஸ் ஏறினேன்.

வீட்டுக்காரர் எழுத்துக்கூட்டியது

ஒரு வருஷம் இருக்கும். எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. ரசீதில் இருந்த விலாசத்துக்கு வந்த கடிதம் ஒன்றை ராமலிங்கண்ணன் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார். இங்கிலீஷில் தனித்தனி எழுத்தாக எழுதியிருந்தது. என் வீட்டுக்காரர் ஐ.டி.ஐ. படித்தவர்.

"ஏண்டி, ஜப்பான்லேருந்து லெட்டர் வர்ற அளவுக்கு நீ பெரிய ஆளுன்னு எவனும் எனக்குச் சொல்லலையே" என்று சிரித்துக்கொண்டுதான் பிரித்தார். போகப் போகச் சிரிப்பு நின்றுவிட்டது.

அவர் எழுத்துக்கூட்டிச் சொன்னது இதுதான். அன்று காலை அம்மா பேசியபோது அப்பா உயிரோடு இருந்தார். ஆஸ்பத்திரியில் இருந்தார். மகன் குரலைக் கேட்க வேண்டும் என்றார். அதைச் சொல்லத்தான் அம்மா போன் செய்தார். ஒத்தோசான் என்றால் அப்பா. 'பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அப்பா போனபோது உங்கள் ஊரில் மணி பன்னிரண்டரை. நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அப்பா இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு நான் சாப்பிட்ட கடைசிச் சாப்பாடு அது. நன்றாக இருந்தது. அம்மாவிடம் சொன்னேன். அந்த நேரத்தில் நான் பசியோடு இல்லை என்பது அம்மாவுக்கு ஆறுதல்.'

அன்று சைக்கிளில் போனதற்கும் காரணம் எழுதியிருந்தார். பஸ்ஸில் சும்மா உட்கார்ந்தால் உடைந்துவிடுவோம் என்று பயமாக இருந்ததாம். தஞ்சாவூர் போய், அங்கிருந்து திருச்சி வரை மிதித்தே போயிருக்கிறார்.

கடைசியில் இப்படி முடித்திருந்தார்: 'என்ன செய்தி என்று தெரியாமலே, ஒரு துண்டுத் தாளுக்காக அவ்வளவு தூரம் வந்தீர்கள். மறக்க மாட்டேன்.'

பன்னிரண்டரைக்கு அவர் இரண்டாம் தடவை ரசம் கேட்டார். பதினொன்றரைக்குப் பூத்தை நோக்கி நடந்தார். நான் குறுக்கே நின்றேன்.

எல்லாவற்றையும் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் கடிதத்தை மடித்து வைத்தார்.

"நீ செத்துட்டாருன்னு நெனச்ச. அவரு உயிரோட இருந்தாருன்னு ஒனக்கு எப்படித் தெரியும்?"

"அவர விட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்ல."

"லைன் கெடச்சிருக்குமோ என்னமோ."

"அதுவுந்தான் தெரியல."

"அந்தாளே நல்லபடியா எழுதியிருக்காரு. நீ எதுக்கு அதைக் கெளறுற? நன்றின்னு ரெண்டு வரி எழுதிப் போடுவோம்."

இரண்டு நாள் யோசித்தேன். சொன்னால் அவருக்கு மிச்சமிருக்கும் ஒரே ஆறுதலும் போய்விடும். அந்த அம்மாவின் ஆறுதலும் போய்விடும். சொல்லாவிட்டால் செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடியும் அவர் குறுக்கே நிற்கிறேன். எது சரி என்று அப்போதும் தெரியவில்லை. இதை எழுதுகிற இப்போதும் தெரியவில்லை.

மூன்றாம் நாள் பேனாவைக் கொடுத்து, எழுதச் சொன்னேன்.

"சரி. நலம், நலமறிய ஆவல்னு ஆரம்பிக்கட்டுமா?"

"வேணாங்க. நீங்க போன் பேசப் போனீங்க, கெட்ட சேதின்னு நெனச்சுத்தான் நான் போவ விடலன்னு மொத வரியிலயே எழுதுங்க. அதுக்கு முன்னாடி ஒண்ணும் வேணாம்."

அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு எழுதினார்.

நான்தான் கொண்டுபோய்ப் போட்டேன். கடிதம் பெட்டிக்குள் விழுந்த சத்தம் கேட்டபிறகு, அவர் அதை எந்த நேரத்தில் பிரிப்பாரோ, அப்போது சாப்பிட்டிருப்பாரோ மாட்டாரோ என்று ஒரு கவலை வந்து, தபால் ஆபீஸ் வாசலிலேயே வெகு நேரம் நின்றிருந்தேன்.